சாளையில் கிடக்கும் வண்டியைக் கிளப்பும் முன்

பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், தோட்டத்து வேலை என்று 15, 20 வருடம் பழைய பைக் பக்கமே வராமல் இருந்தவர்கள் இப்போது திரும்பி வருகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம், ஆனைமலை என்று தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கமும் தோப்புச் சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், புல்லட் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. வருபவருக்கு வண்டி நன்றாகத் தெரியும். பொறிக்கான பிளாட்டினம் முனைகளின் இடைவெளி, அதாவது கேப், 0.4 மில்லிமீட்டர் என்பதைக் கேட்டவுடன் சொல்வார். அந்த அறிவு இன்றும் செல்லும். ஆனால் அவர் விட்டுப் போன காலத்துப் பெட்ரோல் இன்று பங்கில் இல்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் நடைமுறையும் பழையபடி இல்லை. பட்டறைக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் அடிபட்டு வருகின்றன.

முதல் நாள் கிக்கரை மிதிக்கவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மழைக்காற்றில் வருடக்கணக்காக நின்ற எஞ்சினில், பிஸ்டன் ரிங் நிற்கிற இடத்திலேயே போரில், அதாவது சிலிண்டரின் உள்சுவரில், துரு பிடித்திருக்கும். மிதித்தால் ரிங் உடையும். ஜாவா, ராஜ்தூத் போன்ற டூ ஸ்ட்ரோக்கில் உடைந்த துண்டு சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளையில் மாட்டி போரையே கீறிவிடும். பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் சரிபாதியாகக் கலந்து 30 மில்லி ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னும் மூன்று நாள். எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் பிளக் இல்லாமலே சுற்றி, ஊற்றியதை வெளியேற்றிவிட வேண்டும்.

எஞ்சின் சுற்றுகிறது, பொறி நீலமாக வருகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் தண்டின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல் காய்ந்து விறைத்திருக்கும். டைனமோ பக்கச் சீல் போனால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். திராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் இறங்காமல் இரைந்துகொண்டே இருக்கும், அதே வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கிளட்ச் கேஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும், வெள்ளைப்புகை நிற்காது. சீலின் விலை சொற்பம். அதற்குத் தயங்கி ஓட்டியவர்கள்தான் அடுத்த மாதம் லேத்துக்கு வருகிறார்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போடும்போது 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் பிஸ்டன் ஏறிக்கொண்டே போகும். பழைய சிலிண்டரில் எத்தனை சைஸ் மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே வண்டிக்கு விலை பேசுங்கள்.

இனி பெட்ரோல். இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். இங்கே ஜூன் மாதம் பிறந்துவிட்டால் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, பழைய டேங்க் மூடி வழியாக மழைத்தண்ணீரும் இறங்கும். தண்ணீர் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். பெட்ரோல் டேப் எடுப்பது அடியிலிருந்துதான். லிட்டருக்கு 40 மில்லி என்று ஜாவாவுக்குச் சரியாகக் கலந்து ஊற்றியவரின் எஞ்சினுக்கும் அப்போது ஆயில் இல்லாத கலவைதான் போகும். சந்தேகம் வந்தால் டேப்பிலிருந்து ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு இரவு வையுங்கள். பிரிந்திருந்தால் நடுவில் கோடு போட்டதுபோலத் தெரியும். அந்தப் பெட்ரோலை ஓட்டுவதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

பழைய ரப்பர் ஹோஸ் இந்தப் பெட்ரோலில் ஊதி இளகும், கார்புரேட்டர் பித்தளையில் பச்சை பூக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். கலவையும் மெலிந்துதான், அதாவது காற்று மிகுந்துதான், எரியும். பத்து கிலோமீட்டர் ஓட்டி பிளக்கைக் கழற்றினால் காபித்தூள் நிறம் இருக்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாக வர கார்புரேட்டர் நீடில் கிளிப்பை ஒரு படி கீழே மாட்டுங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிதாக்குங்கள். முன்பு தேவைப்படாத வேலை இது, இப்போது அவசியம்.

டேங்க் துருவுக்கு எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 100 கிராம் வெந்நீரில் கரைத்து, டேப்பைக் கழற்றி துளையை அடைத்து, கழுத்துவரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். கொட்டிவிட்டு ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவி உடனே காய வையுங்கள். உள்ளே 100 மில்லி டூ டி ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டுவதை மறந்தால் சாயங்காலத்துக்குள் செம்மஞ்சளாகத் துரு திரும்பிவிடும். ஓட்டை இருந்தாலும் பெட்ரோல் வாடை அடிக்கிற டேங்கை நேராக வெல்டிங்கில் வைக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

காகிதம்தான் பெரிய தலைவலி. பாலக்காட்டு வண்டியைப் பொள்ளாச்சிக்காரர் வாங்குவதும், இங்கிருந்து பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவுக்குப் போவதும் சகஜம். முழுப் பணம் கொடுக்கும் முன் மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பழைய மூன்றெழுத்து நம்பர் பலவும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. பதிவு செய்த ஆபீஸ் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றித் தந்தால்தான் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கிடைக்கும். ஆர்.சி.யில் இருப்பவர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31 முதலில். எப்போதோ அடைத்த கடன் ஆர்.சி.யில் அப்படியே நின்றால் படிவம் 35. இவை விற்பவர் முடித்துத் தர வேண்டியவை. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே நம்பர் மாற்றியாக வேண்டும். 15 வருடப் பதிவு முடிந்து புதுப்பிக்காமல் கிடந்தால் தாமதக் கட்டணமும் வரிப் பாக்கியும் சேர்ந்திருக்கும், அதையும் கேட்டு விலையில் கழியுங்கள்.

சேஸிஸ் நம்பரில் மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கைத் துடைத்து, மெல்லிய தாள் வைத்து பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு எண் மட்டும் சாய்ந்தோ, சுற்றிலும் அரம் பட்ட கீறலோ தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் பதிவு பற்றி வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கே அது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். 1983இல் வந்த ராஜ்தூத் 350க்கும் 1985இல் வந்த ஆர்.எக்ஸ். 100க்கும் இன்னும் வயது ஆகவில்லை. அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது தவிர சாலையில் ஓட்ட முடியாது. தினமும் சந்தைக்கு ஓட்டும் ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட்டுக்கு அவசரம் வேண்டாம். மங்கிய பழைய பெயின்ட்டும் டேங்க் கோடும் ஒருமுறை உரித்தால் திரும்பி வராது. மைசூர் ஐடியல் ஜாவா 1996இலேயே மூடியது. 2018க்குப் பிறகு ஜாவா பெயரில் வரும் புது வண்டியின் பாகம் பழையதில் சேராது. ஆகவே தேய்ந்த ஒரிஜினலைக் கழற்றினாலும் இரும்புக்கடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள்.

மழைக்கு முன் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள். பிறகு டேங்கையும் வடித்துவிட்டு உள்ளே ஆயில் உருட்டி வையுங்கள். மேலே தார்ப்பாய் போட்டால் உள்ளே வியர்க்கும், பழைய பருத்திப் போர்வை நல்லது. ஓவர்ஃப்ளோ குழாயிலும் சைலன்சர் வாயிலும் துணி திணியுங்கள். மண்குளவி முதலில் அங்கேதான் கூடு கட்டும்.