டிட்டரன்ஸ்: ‘தடுப்பு’ என்று எழுதினால் போதுமா?

கொடூரமான கொலை ஒன்று செய்தியில் வந்துவிட்டால் டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே பேச்சுதான்: “நாலு பேரைத் தூக்குல போட்டாத்தான் மத்தவனுக்குப் பயம் வரும்.” சட்டம் படித்தவர்கள் இந்த வாதத்துக்கு வைத்திருக்கும் பெயர் டிட்டரன்ஸ். அதைத் தமிழில் எழுதும்போது ஒருவர் ‘தடுப்பு’ என்கிறார், ஒருவர் ‘தடுப்பாற்றல்’ என்கிறார், இன்னொருவர் ‘அச்சுறுத்தல்’ என்கிறார். மூன்றும் ஒரே பொருள் தருபவை போலத் தோன்றும். மரண தண்டனை பற்றிய வாதத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன.

முதலில் வேர். லத்தீனில் ‘டெர்ரேரே’ என்றால் அச்சுறுத்துவது. அதன் முன்னால் ‘டே’ சேர்ந்தால் அச்சுறுத்தி விலக வைப்பது. டெரர், டெரரிஸ்ட் எல்லாம் இதே வேரில் கிளைத்தவைதான். ஆகச் சொல்லின் அடியில் கிடப்பது பயம். பயந்தவன் விலகிப் போவான் என்பது எதிர்பார்ப்பு. அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

‘தடுப்பு’ இந்தப் பயத்தை மறைத்துவிடுகிறது. குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஓர் ஆளை உள்ளே தள்ளினால், அவன் பயந்தாலும் பயப்படாவிட்டாலும் வெளியே வந்து எதுவும் செய்ய முடியாது. தடுப்புக் காவலும் அப்படியே. அங்கே தடுப்பது சுவர். ‘தடுப்பாற்றல்’ இன்னும் மோசம். “மரண தண்டனையின் தடுப்பாற்றல்” என்று எழுதிய உடனேயே அது தடுக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. அது தடுக்கிறதா என்பதுதானே கேள்வி? ‘அச்சுறுத்தல்’ வேருக்குக் கிட்டத்தில் வருகிறது. ஆனால் நாளிதழ்த் தமிழில் அது மிரட்டல் என்ற பொருளுக்குப் போய்விட்டது. விலக வைப்பது என்ற பாதி அதில் இல்லை.

தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு. வெரு என்றால் அச்சம். வெருவுதல் அஞ்சுவது, வெருட்டுதல் அஞ்ச வைப்பது. ஈழத்தில் இன்றும் “சும்மா வெருட்டாதை” என்பது வீட்டுப் பேச்சு. வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மைக்கு அங்கே வெருளி என்று பெயர். பறவையைத் தொடாமல், பிடிக்காமல், பயத்தால் மட்டும் விலக்கும் பொருள் அது. முதல் நாள் காக்கை வராது. பொம்மை அசைவதில்லை என்று தெரிந்துவிட்டால் அதன் தோளிலேயே வந்து உட்காரும்.

குறளில் செங்கோன்மைக்கு அடுத்தடுத்து வரும் அதிகாரங்களில் ஒன்றின் பெயரே ‘வெருவந்த செய்யாமை’. குடிமக்கள் அஞ்சி நடுங்கும்படியான செயல்களை அரசன் செய்யாதிருத்தல். அதன் முதல் குறள்: “தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.” குற்றத்தைத் தக்கபடி ஆராய்ந்து, மறுபடி அதைச் செய்யாதபடி, குற்றத்துக்கு ஒத்த அளவில் தண்டிப்பவனே அரசன். ‘தலைச்செல்லா வண்ணம்’ என்பது கிட்டத்தட்ட டிட்டரன்ஸ்தான். ஆனால் மறுபடி செய்யாமல் இருக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும். தூக்கில் போடப்பட்டவன் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவனைப் பார்த்து மற்றவன் விலகுவானா என்பது மட்டுமே மிச்சம். கொலைத் தண்டனையைத் திருக்குறள் வேறு இடத்தில் வைக்கிறது. செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில் அது பயிரிலிருந்து களை எடுப்பதற்கு நிகர் என்கிறது. களை எடுப்பது மற்ற களைகளைப் பயமுறுத்த அல்ல. நம் விவாதங்கள் குழப்பிக்கொள்ளும் இரண்டையும், களைவதையும் வெருட்டுவதையும், குறள் குழப்பவில்லை. ‘தக்காங்கு நாடி’ குறளுக்கு அடுத்த குறளிலேயே “கடிதோச்சி மெல்ல எறிக” என்று சொல்வது இன்னும் நுட்பம்: ஓங்கும்போது கடுமை தெரியட்டும், அடி மெல்ல விழட்டும்.

சரி, தூக்கு மற்றவனை வெருட்டுகிறதா? இங்கே கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். தண்டனையே இல்லாததோடு ஒப்பிடக் கூடாது. ஆயுள் தண்டனையைவிடத் தூக்கு எவ்வளவு கூடுதலாக வெருட்டுகிறது என்பதே கேள்வி. 1975-இல் ஐசக் எர்லிக் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் நிறைவேற்றப்படும் ஒரு மரண தண்டனை ஏறத்தாழ எட்டுக் கொலைகளைத் தவிர்க்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த எண் பெரிய பரபரப்பானது. அப்புறம் மற்றவர்கள் அதே புள்ளிவிவரத்தை எடுத்து, 1960-களின் கடைசி ஆண்டுகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டார்கள். விளைவு காணாமல் போனது. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் எல்லா வகைக் குற்றமும் ஏறிக்கொண்டிருந்தது, மரண தண்டனை நிறைவேற்றுவதும் படிப்படியாக நின்றுபோய்க்கொண்டிருந்தது; இரண்டையும் முடிச்சுப் போட்டதில் வந்த எண் அது. 2012-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, மரண தண்டனை கொலைகளைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்பதற்கு இவற்றில் எதுவும் சான்றாகாது, கொள்கை முடிவுக்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. கொலை செய்யப் போகிறவன் தண்டனையைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறான் என்பதே அந்த ஆய்வுகளில் தெரியவில்லை என்பது அது சொன்ன குறைகளில் ஒன்று.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அன்று கன்னியாகுமரியையும் உள்ளடக்கிய திருவிதாங்கூர் 1944-இல் மரண தண்டனையை நீக்கியது. தூக்கு இல்லாத 1945–50 காலத்தில் அங்கே 962 கொலைகள். தூக்கு திரும்பி வந்த பின் 1950–55 காலத்தில் 967. இதை வைத்துப் பெரிய கோட்பாடு எதுவும் கட்ட முடியாது, சிறிய எண்கள்தான். ஆனால் தூக்கை எடுத்தால் நாடு சுடுகாடாகும் என்பவர்கள் இந்த ஐந்து கொலை வித்தியாசத்துக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே சொன்னது, தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதிதான் குற்றத்தை விலக்கும் என்று. இந்தியாவில் அந்த உறுதி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2022-இல் மட்டும் பதிவான கொலை வழக்குகள் 28,522. 2015 ஜூலைக்கும் 2020 மார்ச்சுக்கும் நடுவே நாட்டில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. ‘அரிதினும் அரிதான’ வழக்குக்கு மட்டுமே தூக்கு என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. மனித உரிமைப் பார்வையில் அது நல்ல தீர்ப்பு. ஆனால் அரிதினும் அரிதாக வருவதைக் கண்டு யார் வெருவுவார்? தூக்கு வெருட்டும் என்ற வாதம் அங்கேயே இடறுகிறது. போதையில் அரிவாளை எடுப்பவன் சட்டப்பிரிவை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது ஒரு பக்கம். திட்டமிட்டுச் செய்பவன் எண்ணிப் பார்க்கிறான். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று எண்ணிப் பார்க்கிறான்.

நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-இல் தந்த 262-வது அறிக்கை, ஆயுள் தண்டனையைவிடக் கூடுதலாக மரண தண்டனை வெருட்டுவதில்லை என்று சொல்லி, பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் தவிர மற்றவற்றுக்கு அதை நீக்கப் பரிந்துரைத்தது. பயங்கரவாதத்துக்கான அந்த விதிவிலக்குதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. உடலில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டோ, கழுத்தில் சயனைடு குப்பியோடோ வருபவனைச் சாவைக் காட்டி எப்படி வெருட்டுவது? பயங்கரவாதத்தைத் தனியாகப் பார்க்கத் தண்டனையியல் காரணம் எதுவும் இல்லை என்பதை ஆணையமும் ஒப்புக்கொண்டு, தேசப் பாதுகாப்பு குறித்த கவலையைச் சொல்லித்தான் அந்தக் கதவைத் திறந்து வைத்தது.

இனி, எழுதுபவர்களுக்கு. வினையாக வரும் இடத்தில் ‘வெருட்டி விலக்கு’ என்று எழுதலாம். பெயராக வேண்டுமானால் ‘வெருட்டல்’; கோட்பாட்டைச் சொல்ல ‘வெருட்டல் கோட்பாடு’. தமிழ்நாட்டு வாசகருக்கு அது பழக்கமில்லை என்று தோன்றினால் ‘அச்சமூட்டி விலக்கல்’ என்று விரித்து எழுதுங்கள், நீளம்தான், தவறில்லை. ஆளை உள்ளே போட்டு முடக்குவதற்கு மட்டும் ‘தடுப்பு’ இருக்கட்டும். அணு ஆயுதச் செய்திகளில் வரும் டிட்டரன்ஸுக்கும் வெருட்டல் பொருந்தும். எதிரி நாடு பயந்து ஒதுங்கும் என்ற கணக்குத்தான் அங்கேயும்.