முகாமின் கடைசி இரவு: குழுத் தலைவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

மே மாதம் வந்தால் கொடைக்கானல், ஏற்காடு, கோத்தகிரி பக்கம் சபைகளின் வாலிபர் முகாம்கள் தொடங்கிவிடும். எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குழுத் தலைவர். கல்லூரி முடித்தவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் விடுப்பு போட்டுவிட்டு வந்து இந்த ஊழியத்தைச் செய்கிறார்கள். பாட்டு, வேதபாடம், நாடகம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஆயத்தக் கூட்டம் உண்டு. கடைசி இரவில் பிள்ளைகள் தங்களைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் அர்ப்பணிப்பு ஆராதனைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு மட்டும் பெரும்பாலும் ஆயத்தமே இருப்பதில்லை.

அந்த நேரத்தில் பிள்ளைகள் சரியாகத் தூங்கி மூன்று நாள் ஆகியிருக்கும். அழுது, மனம் இளகியிருப்பார்கள். நம்பிக்கையான ஓர் அண்ணனோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் யாரிடமும் சொல்லாததைப் பிள்ளைகள் அப்போதுதான் சொல்வார்கள். "அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இந்த இடத்தில்தான் நல்ல மனசுள்ளவர்கள் தவறுகிறார்கள். அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியிருந்தால் ஒருவர் இருவரிடம் சொல்லியாக வேண்டும், ஊரெல்லாம் தெரியவிட மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் பேசவே செய்கிறார்கள்.

யாரோ தப்பாகத் தொட்டதாகச் சொன்னால், கேளுங்கள், விசாரிக்காதீர்கள். "மாமாதானே செய்தார்?" என்று நாம் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் பிறகு பிள்ளையின் வாக்குமூலத்தைக் கெடுக்கும். "அப்புறம்?" என்பது போதும். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்பதை நேரடியாகச் சொல்லுங்கள். பிள்ளை சொன்ன அதே சொற்களைத் தேதி, நேரத்தோடு உடனே எழுதி வையுங்கள். ஆயரிடமும் கமிட்டியிடமும் மறுபடி சொல்ல வைக்காதீர்கள். "மன்னித்துவிடு" என்ற ஆலோசனை அந்த இரவில் வேண்டவே வேண்டாம். குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு சுமை.

பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குக் குறைந்த ஆண், பெண் இரு பாலருக்கும் பொருந்தும். குற்றம் நடந்தது தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19-ஆவது பிரிவு. தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. "சபை பெயர் கெட்டுவிடும்" என்பது சட்டத்தின் முன் நிற்காது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-இல் இரவிலும் எடுப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீங்களே போய்க் கேட்டுவிடாதீர்கள்.

"சாகலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்.

பேசும் இடமும் முக்கியம்: சத்தம் பிறருக்குக் கேட்கக் கூடாது, நீங்கள் இருவரும் பிறர் கண்ணில் பட வேண்டும். திறந்த வராந்தா, விளக்கு வெளிச்சம். மூடிய அறை எத்தனை அவசரத்திலும் வேண்டாம்.

அன்று இரவு உடம்பும் தடுமாறும். வலிப்பு உள்ள பிள்ளைக்குத் தூக்கமின்மையே வலிப்பைக் கிளப்பும். முழு இரவு ஜெபத்தில் அவர்களை உட்கார வைக்காதீர்கள். வலிப்பு வந்தால் சாவிக்கொத்து கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. இன்சுலின் போடும் பிள்ளை உபவாசம் இருக்கக் கூடாது. வியர்த்து, கை நடுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சுகமளிக்கும் ஜெபத்துக்குப் பிறகு "இனி மாத்திரை வேண்டாம்" என்று பிள்ளை முடிவெடுக்கும். வலிப்பு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடலாம். விசுவாசத்தோடு ஜெபியுங்கள், மாத்திரையை உங்கள் கையாலேயே நேரத்துக்குக் கொடுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை.

மறுநாள் காலை பேருந்து கிளம்பும் அவசரத்தில் இரவு பேசிய பிள்ளையை மறந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளையை வருத்தியவர் வீட்டிலேயே இருக்கிறவர் என்றால், பெற்றோருக்குப் போன் போடும் முன்பே 1098-இல் கேளுங்கள். அந்தப் பிள்ளை இன்று எங்கே தூங்கப்போகிறது என்பது முடிவாகாமல் பேருந்தில் ஏற்றாதீர்கள்.