எழுவாய் எங்கே நிற்கிறது?

மாரிகாலம் முடிந்து பாடசாலை திறந்ததும் கிளிநொச்சியில் எட்டாம் தரத்து மாணவர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நாங்கள் மழை பெய்து இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு வயல்கள் மூழ்கியபடியால் பாடசாலைக்குப் போகவில்லை.” எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை; சொல்ல வந்த செய்தியும் முழுமையாகவே இருக்கிறது. இருந்தும் வாசிப்பவர் நடுவழியில் தடுக்கி மறுபடியும் தொடக்கத்துக்குப் போகிறார். ஆசிரியரின் சிவப்புப் பேனை வழக்கமாக “வாக்கியம் நீளம், சுருக்கி எழுதவும்” என்று குறிக்கும். நோய் அதுவல்ல என்பதே என் எண்ணம்.

வாசிக்கும்போது மனம் ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய இன்னொரு சொல்லோடு பொருத்திக்கொண்டே போகிறது. பொருந்த வேண்டிய சொல் வந்து சேரும்வரை முந்தியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ஆற்றலைச் செயல்படு நினைவு என்பார்கள். உளவியலாளர்களான அலன் பாட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் இதற்கு ஒரு மாதிரியை முன்வைத்தனர். இதன் கொள்ளளவு சுமார் நான்கு கூறுகளே என்று நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார். மேலே உள்ள வாக்கியத்தில் “நாங்கள்” முதலிலேயே வந்துவிடுகிறது, ஆனால் அதற்குரிய வினை கடைசிச் சொல்தான். இடையில் மழை, குளம், வான்கதவுகள், வயல்கள் என்று நான்கு எழுவாய்கள் தத்தம் வினைகளோடு கடந்து போகின்றன. ஐந்தும் வேற்றுமை உருபு ஏற்காத, ஒரே தோற்றமுள்ள பெயர்கள் என்பதால், நினைவில் காத்திருக்கும் “நாங்கள்” அவற்றோடு குழம்பிப்போகிறது.

இப்போது ஒரே ஒரு சொல்லை இடம் மாற்றுவோம்: “மழை பெய்து இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு வயல்கள் மூழ்கியபடியால், நாங்கள் பாடசாலைக்குப் போகவில்லை.” நீளம் குறையவில்லை, சொல் எதுவும் விடுபடவில்லை, தடக்கல் மட்டும் போய்விட்டது. ஒவ்வொரு எழுவாயும் தன் வினையை உடனே அடைந்துவிடுவதால் எதையும் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. தமிழைப் போலவே வினையில் முடியும் மொழியான யப்பானிய மொழியில், பேசுவோர் நீண்ட தொடரை முன்னுக்கும் குறுகியதைப் பின்னுக்கும் வைக்க விரும்புவதை ஹிரோகோ யமஷிதாவும் பிராங்க்ளின் சாங்கும் 2001இல் சோதனை மூலம் காட்டினர். ஆங்கிலத்தில் போக்கு இதற்கு நேர்மாறு. நீண்டது பின்னுக்குப் போகும். ஆகவே ஆங்கில எழுத்துப் பயிற்சி நூல்களின் அறிவுரையை அப்படியே தமிழ் வகுப்புக்குக் கொண்டுவருவது பலவேளை பொருந்தாது.

அடுத்த இடர் வினையெச்சத்தில் இருக்கிறது. “அண்ணா வயலுக்குப் போய் அப்பா உழவு இயந்திரத்தைத் திருத்தினார்” என்ற வாக்கியத்தில் வயலுக்குப் போனவர் யார்? “போய்” என்ற வடிவம் வந்ததும், வரப்போகும் முற்றுவினையின் எழுவாயும் அண்ணாதான் என்று வாசகர் எதிர்பார்க்கிறார். அப்பா குறுக்கிட்டதும் கட்டியதைக் கலைக்க வேண்டியிருக்கிறது. “அண்ணா வயலுக்குப் போக, அப்பா உழவு இயந்திரத்தைத் திருத்தினார்” என்றால் சிக்கல் இல்லை, ஏனெனில் “போக” போன்ற “செய” என்னும் வாய்பாட்டு எச்சம் வேறொரு எழுவாயையும் ஏற்கும். “போய்” போன்ற “செய்து” வாய்பாடு முதலான மூன்று எச்சங்கள் வினைமுதலின், அதாவது அச்செயலைச் செய்பவரின், வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதிக்கிறது. “மழை பெய்து குளம் நிரம்பி” என்பது மட்டும் எப்படிச் சரியாகும் என்று கெட்டிக்கார மாணவர் கேட்கக்கூடும். ஒன்றன் விளைவாக மற்றொன்று தானே நிகழும்போது, இரண்டிலும் விரும்பிச் செய்பவர் எவரும் இல்லாதபோது, தமிழ் இந்த எழுவாய் மாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறது.

பெயரெச்சமும் வாசகரை ஏமாற்றும். “வெள்ளத்தில் அகப்பட்ட மாடுகளின் உரிமையாளர்கள்” என்று எழுதினால் அகப்பட்டவை மாடுகளா, உரிமையாளர்களா என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

பேச்சில் இத்தனை இடர் இல்லை. “பள்ளிக்கூடம் போகேல்லை நாங்கள்” என்று எழுவாயைக் கடைசியிலும் போடலாம். குரலின் ஏற்ற இறக்கமும் கேட்பவரின் முகமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எழுத்தில் அந்த உதவிகள் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, ணகர னகர வேறுபாட்டை நினைத்து எழுதும் சிறுவருக்குச் செயல்படு நினைவின் ஒரு பகுதி அதிலேயே செலவாகிவிடுகிறது. முதலில் வாயால் வாக்கியத்தை அமைத்துச் சொல்ல வைத்துப் பிறகு எழுத வைப்பதில் இதனால்தான் நியாயம் இருக்கிறது.

வகுப்பில் எதைச் செய்யலாம்? எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007இல் வெளியிட்ட அறிக்கையில், சிறு வாக்கியங்களை இணைத்து ஒன்றாக்கும் பயிற்சி பயன் தருவதாகவும், இலக்கணத்தைத் தனியாகப் பிரித்துக் கற்பிப்பதால் எழுத்து மேம்படவில்லை என்றும் கண்டனர். கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு நீர் கொண்டுவருகிறது, அந்நீர் வாய்க்கால்களில் ஓடுகிறது, வாய்க்கால்கள் வயல்களை அடைகின்றன, விவசாயிகள் சிறுபோகம் விதைக்கிறார்கள் என்ற நான்கு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொன்னால், எங்கே “செய்து”, எங்கே “செய”, எங்கே பெயரெச்சம் என்று மாணவர் தாமே தேர்ந்தெடுக்க வேண்டிவரும்.

அதன்பின் கொப்பிகளைப் பக்கத்து மாணவரோடு மாற்றி, ஒவ்வொரு வினையின் கீழும் கோடிட்டு “யார்?”, “எது?” என்று கேட்க வைக்கலாம். விடை சொல்லப் பின்னால் திரும்பிப் பார்க்க நேரும் வாக்கியமே மறுபடி எழுதப்பட வேண்டியது.