பகலில் திறக்காத குழாய்

"என் ஏழு வயது மகன் உயரமாக வளரவில்லை என்று வளர்ச்சி ஹார்மோன் சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் ஐந்து முறை ரத்தம் எடுப்பார்களாம். பயமாக இருக்கிறது. ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் போதாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

போதாது. பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டு விட்டுத்தான் சுரக்கும். பெரிய அலை வருவது இரவில், ஆழ்ந்த உறக்கம் பிடித்த சற்று நேரத்தில். மற்ற நேரங்களில் நன்றாக வளரும் பிள்ளையின் ரத்தத்திலும் அது இல்லாதது போலவே இருக்கும். நள்ளிரவில் மட்டும் தண்ணீர் வரும் தெருக்குழாயைப் பகலில் திருகிப் பார்த்துவிட்டு, தொட்டி காலி என்று சொல்ல முடியுமா?

அந்தத் தொட்டியின் வால்வு மூளையின் ஹைப்போதலாமஸ் கையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒரு ஹார்மோன் வால்வைத் திறக்கும். சோமடோஸ்டாட்டின் என்ற இன்னொன்று மூடும். சோதனை என்பது மருந்து கொடுத்து அந்த வால்வைப் பகலிலேயே திறக்கவைத்துப் பார்ப்பதுதான். உங்கள் மகனுக்குத் தரப்போகும் ரத்த அழுத்த மாத்திரையான குளோனிடின் திறக்கும் கையை ஊக்குவிக்கிறது. சில இடங்களில் தரும் அர்ஜினின் என்ற அமினோ அமிலமோ மூடும் கையைத் தளர்த்துகிறது. எனக்கு மிகவும் பிடித்தது, இன்சுலின் ஊசி போட்டு ரத்தச் சர்க்கரையை இறக்கிப் பார்க்கும் வழி. சர்க்கரை சடாரென்று இறங்கினால் உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. உடனே வளர்ச்சி ஹார்மோனை அவிழ்த்துவிட்டு, சேமித்த கொழுப்பை எரிபொருளாக்கி, மிச்சமுள்ள சர்க்கரையை மூளைக்கு விட்டுவைக்கப் பார்க்கிறது. உயரத்துக்கான ஹார்மோன் பட்டினிக் காவலாளியாகவும் இருப்பதை 1963இல் கண்டு சொன்னவர்களில் ஒருவர் ரோசலின் யாலோ. ரத்தத்தில் அணுவளவு ஹார்மோனையும் அளக்கும் முறைக்காக 1977இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

ஆபத்தும் இன்சுலின் வழியில்தான் அதிகம். சர்க்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். இத்தகைய சோதனைகளில் குழந்தைகள் இறந்ததையும் 1992இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. சர்க்கரை குறைந்தது மட்டும் காரணமல்ல. பதற்றத்தில் மிகச் செறிவான குளுக்கோஸை அதிகமாக ஏற்றியதும் காரணம். இன்று 10 சதவீதக் குளுக்கோஸை அளந்து, மெதுவாகத்தான் ஏற்றுகிறார்கள். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின் சோதனையே செய்வதில்லை. இதே சோதனைக்குப் போடும் இன்னொரு மருந்தான குளுக்ககான் ஊசியிலும் சோதனை முடிந்த பிறகு சர்க்கரை இறங்கலாம்.

குளோனிடின் அந்த அளவுக்கு அச்சம் தருவதல்ல. பையன் தூங்கி வழிவான், முகம் வெளுக்கும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும். படுக்கவைத்து அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து முறை ரத்தம் என்றால் ஐந்து குத்தல் அல்ல. முதலிலேயே நரம்பில் பொருத்திய ஒரே மெல்லிய குழாய் வழியாக எடுப்பார்கள்.

ஆனால் சோதனைக்கு முன், ஆறு மாத இடைவெளியில் அவன் உயரத்தை அளந்து பார்த்தார்களா? தைராய்டு பார்த்தாயிற்றா? எலும்பு வயதை, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை, அறிய இடது கை எக்ஸ்ரே எடுத்தார்களா? குட்டையான பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த ஹார்மோனில் குறையே இராது. ஒவ்வொரு பள்ளியும் உயரத்தை ஒழுங்காக அளந்து குறித்துவைத்தால் பல பிள்ளைகள் இந்தப் படுக்கைக்கே வரவேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். உயரப் பவுடருக்குக் கொட்டும் பணத்தில் ஓர் அளவுகோல் வாங்கலாம்.

வெறும் வயிற்றோடு போவதால், சோதனை முடிந்ததும் அங்கேயே சாப்பிடவைத்து, தானாக எழுந்து நிலையாக நடக்கிறானா என்று பார்த்த பிறகு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அன்று மாலை சைக்கிள் வேண்டாம்.