வெள்ளைப் பொடியில் தொடங்கும் விற்பனைக் கடிதம்

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துபவர்களிடம் ஏசி பராமரிப்புக்கு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கேட்டு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "பல ஆண்டு அனுபவமும் தேர்ந்த டெக்னீஷியன்களும் கொண்ட எங்கள் நிறுவனம்..." இது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ரிசப்ஷனில் நின்றபடி கவரைப் பிரிக்கும் மேனேஜரால் இதில் ஒரு சொல்லைக்கூடச் சரிபார்க்க முடியாது. அதே இடத்தில் இப்படி எழுதலாம்:

"ஏசியை நிறுத்திவிட்டு, மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் தகடுகளை லேசாகத் தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் கடல் உப்பு. கரையாமல் நின்றால், தகடு அரித்து உதிர்ந்த அலுமினியப் பொடி."

எழுதியவரை நம்ப வேண்டிய தேவையே இந்தக் கடிதத்தில் எழவில்லை. சோதனை படிப்பவருடைய மாடியில், அவருடைய விரலில் நடக்கிறது. நல்ல விற்பனைக் கடிதத்தின் இயக்கம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

பொடி எப்படி வருகிறது என்பதையும் கடிதம் இரண்டு வரியில் சொல்ல வேண்டும். செம்புக் குழாயின் மேல் அலுமினியத் தகடுகள் கோத்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடல் உப்பை அள்ளிக்கொண்டு வந்து அதன் மேல் படியவைக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ள, இரு உலோகங்களுக்கும் இடையில் சிறு மின்கலம் போன்ற ஓட்டம் உண்டாகிறது. அதில் கரைவது அலுமினியம். தகடு போனால் வெப்பம் வெளியேறாது. குழாய்க்குள் ஓடும் குளிரூட்டும் கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதல் மின்சாரம் இழுக்கும், கடைசியில் சூடேறித் தானாக நின்றுவிடும். காரணம் தெரிந்தவர் எழுதியது என்பது இந்த விவரத்திலேயே தெரிந்துவிடும். "தரமான சேவை" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கண்ணின் கணக்கு. படிக்கும்போது பார்வை வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் நொடி. கூர்மையாகத் தெரியும் பரப்பு ஏறக்குறைய 2 பாகை, 40 செ.மீ. தூரத்தில் பிடித்த தாளில் அது 1.4 செ.மீ. அகலந்தான். "பராமரிப்புச்சேவைகளுக்கானவொப்பந்தம்" என்று ஒட்டிப் புணர்த்தினால் கண் இரண்டு மூன்று முறை நின்றாக வேண்டும். அலுவலகத் தமிழில் எழுதினால்தான் மதிப்பு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வாசகரை இழக்கிறார்கள். சொற்களைப் பிரித்து எழுதுங்கள். எழுத்து 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம்.

மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கும் செய்திகளும் குறைவுதான். உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் தந்த மதிப்பீடு, சுமார் நான்கு. ஏசி, ஜெனரேட்டர், சிசிடிவி, சோலார், இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கினால் எதுவும் தங்காது. ஒரு கடிதத்துக்கு ஒரு வேலை போதும்.

இழப்பைப் பற்றி எழுதும்போது கவனம் தேவை. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தொகையின் லாபத்தைவிட நட்டம் மனத்தில் பெரிதாக விழுகிறது. 1992-இல் அதைச் சுமார் இரண்டேகால் மடங்கு என்று கணித்தார்கள். ஆகவே "கரண்ட் பில் குறையும்" என்பதைவிட "கார்த்திகை சீசனில் அறையைப் பூட்டி வைக்க நேரும்" என்ற வரி உறைக்கும். ஆனால் "உடனே செய்யாவிட்டால் வெடிக்கும்" என்கிற ரகப் பயமுறுத்தல் எடுபடாது. லாட்ஜ்காரர் அதைப் பலரிடம் கேட்டாயிற்று.

சபரிமலைக்குப் போகிறவர்கள் கார்த்திகை முதல் தேதியிலிருந்து, அதாவது நவம்பர் நடுவிலிருந்து, இங்கும் வந்து குவிவார்கள். அப்போது கடிதம் போட்டால் படிக்க ஆளிருக்காது, கழுவ அறையும் காலியாக இருக்காது. காற்று ஓய்ந்து உப்பு படிந்து நிற்கும் செப்டம்பர் கடைசி வாரமே சரியான நேரம்.

விலையை மறைக்காதீர்கள். யூனிட்டுக்கு ஆண்டுக்கு 1,800 ரூபாய், நான்கு சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். 20 அறைக்கு 36,000, ஜிஎஸ்டி 18% என்றால் 6,480, மொத்தம் 42,480. இந்தக் கடைசி எண்ணைத்தான் எழுத வேண்டும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5%, உள்ளீட்டு வரி வரவு (தான் வாங்கும் சேவைக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது. எனவே நீங்கள் போடும் வரி முழுவதும் அவருக்குச் செலவுதான். "வரி தனி" என்று சிறிய எழுத்தில் போட்டால் பில் கொடுக்கும் நாளில் சண்டை வரும். கேஸ் நிரப்புவது, பிசிபி போர்டு (ஏசியின் மின்னணுச் சுற்று அட்டை), கம்ப்ரசர் இவை ஒப்பந்தத்தில் சேராது என்றால் அதையும் விலைக்குப் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஏஎம்சி முறிவதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

தாள் கணக்கு எளிது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். தபாலின் முதல் எடைப் படி 20 கிராம். ஒரு தாள், ஒரு கவர் தாராளமாக அடங்கும். கவரில் "உரிமையாளர்" என்று மட்டும் போடாமல் மேனேஜர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். போனில் அண்ணாச்சி என்று பேசலாம். தாளில் ஐயா போதும்.

எந்த வாசகம் நன்றாக வேலை செய்கிறது என்று சோதிக்க, நூறு கடிதம் ஒரு விதமாகவும் நூறு வேறு விதமாகவும் அனுப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. ஒன்றுக்கு 2 பதில், மற்றொன்றுக்கு 4 வந்தால் இரண்டாவது இரு மடங்கு நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது வெறும் தற்செயலாக இருக்கலாம். 2 சதவீதத்தையும் 4 சதவீதத்தையும் ஓரளவு நம்பிக்கையோடு பிரித்தறிய, ஒவ்வொரு விதத்திலும் சுமார் 1,100 கடிதங்கள் தேவை. ஓர் ஊர் லாட்ஜ்களை வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்குப் போக முடியாது.

அதனால் இங்கே எண்ணுவதைவிடக் கேட்பதே மேல். கடிதம் சேர்ந்த நான்காம் நாள் போன் செய்யுங்கள். "ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றால் விலையைக் குறைத்துப் பேச வேண்டாம். அந்த ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று மட்டும் கேட்டு, லாட்ஜின் பெயருக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதம் அதற்கு 45 நாள் முன்னால் போக வேண்டும்.