மல்லாட்டை வயிற்றுக்குப் போகவில்லை

இந்த மல்லாட்டை (வேர்க்கடலை) சீசனில் இது மூன்றாவது குழந்தை. பண்ருட்டிப் பக்கத்துப் பையன், இரண்டு வயது. மூன்று வாரமாகச் சளி, இளைப்பு என்று நெபுலைசர் வைத்தபடி இருந்திருக்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இடது பக்கம் காற்று நன்றாகப் போய்வருகிறது, வலது பக்கம் அடியில் சத்தமே குறைவு.

"எப்பவாவது புரை ஏறிச்சா?"

அம்மாவுக்கு ஞாபகமில்லை. ஆயாதான் (பையனின் பாட்டி) சொன்னார்: "மல்லாட்டை தின்னப்போ இருமினான் டாக்டர். உச்சியில தட்டி, வாழைப்பழம் குடுத்தேன். வயித்துக்குள்ள போயிடுச்சு, காலையில வந்துடும்னு விட்டுட்டேன்."

எப்படி வரும் ஆயா? தொண்டைக்குக் கீழே முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி மூச்சுப் பாதையை மறைக்கும். வாயில் பருப்போடு சிரித்தால், அழுதால், பாதை திறந்து கிடக்கும். உள்ளே இழுத்ததுதான். மூச்சுக்குழாய் இரண்டாகி, நாலாகி, பிரிந்துகொண்டே போய்க் காற்றுப்பைகளில் முடிகிற முட்டுச்சந்து. வயிற்றுக்கு அங்கிருந்து வழியே கிடையாது. வாழைப்பழம் பக்கத்துக் குழாயில் இறங்குகிறது, அது எதைத் தள்ளும்? வலது கிளை இடதைவிட அகலம், செங்குத்தும்கூட. அதனால் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும்.

உட்கார்ந்ததும் இருமல் அடங்கிவிடும். வீட்டில் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். உள்ளே பருப்பு ஊறி உப்பும், அதன் எண்ணெய் குழாயைப் புண்ணாக்கும். எக்ஸ்ரேயில் காசு தெரியும், மல்லாட்டை தெரியாது. (எக்ஸ்ரே நார்மல் என்று தைரியம் சொல்லி அனுப்புகிற எங்கள் ஆட்களுக்கும்தான் சொல்கிறேன்.) புதுச்சேரிக்கு அனுப்பினோம். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விடுகிற பிராங்கோஸ்கோபியில் எடுத்தார்கள். பாதிப் பருப்பு, அவ்வளவுதான்.

நான்கு வயது வரை முழு மல்லாட்டை, முந்திரி, பட்டாணிக்கடலை எதுவும் வேண்டாம். அரைத்துக் கொடுங்கள். ஓடவிட்டு ஊட்டாதீர்கள். இருமுகிற பிள்ளையை இருமவிடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இருமவோ அழவோ முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் பிள்ளையைக் குனிய வைத்து இரு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். உச்சந்தலையில் இல்லை, முதுகில். கைக்குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்துத் தட்ட வேண்டும்.

ஆயா, உங்கள் மேல் கோபமில்லை. டாக்டரிடம் வரும்போது "அன்னைக்குப் புரை ஏறிச்சு" என்று மட்டும் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.