ஹாரரும் பேய்ப்படமும்

எங்கள் அப்பத்தா ‘ஹாரர்’ என்ற சொல்லைக் காதால் கேட்டதில்லை. ஊர்க் கோடியில் இருந்த டூரிங் டாக்கீஸில் படம் மாறிவிட்டது என்று தட்டி வண்டி கத்திக்கொண்டு போனால், திண்ணையில் இருந்தபடியே “என்ன படம்டா?” என்பாள். மூன்று விடைதான் அவளிடம் செல்லும். சாமிப் படம், சண்டைப் படம், பேய்ப்படம். சாமிப் படம் என்றால் முதல் ஆட்டத்துக்கே கிளம்பிவிடுவாள். சண்டை என்றால் உதட்டைப் பிதுக்குவாள். பேய்ப்படம் என்றால் மட்டும், அடுப்படி வேலையெல்லாம் முடித்து, பேரப்பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு இரண்டாம் ஆட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்பாள். பேய்ப்படத்தைப் பகலோடு சேர்த்துப் பார்த்தால் பிடிக்காதாம்.

போன மாதம் அக்கா மகன் கைப்பேசியில் கேட்டான். கல்லூரி இதழுக்குக் கட்டுரை எழுதுகிறானாம். “மாமா, ஹாரருக்குச் சரியான தமிழ் என்ன? திகிலா, அச்சமா, அமானுஷ்யமா?” பேய்ப்படம் என்றேன். “அது கொச்சையா இருக்கே மாமா” என்றான். கொச்சைதானா என்று பார்க்கப் புறப்பட்டதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் ஹாரர். இலத்தீனில் ‘ஹொர்ரேரே’ என்றொரு வினைச்சொல். அச்சம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்த பொருள். முதற்பொருள் குத்திட்டு நிற்பது, சிலிர்ப்பது. ஈட்டிகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் போர்க்களத்துக்கும் இலத்தீன் கவிகள் இச்சொல்லையே ஆண்டார்கள். அச்சத்தில் உடம்பின் மயிர் எழுந்து நிற்பதற்கும் இதுவே பெயராயிற்று. பிறகு பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போனது. ஆக, உள்ளத்தில் நடப்பதைச் சொல்லும் சொல்லாக அது பிறக்கவில்லை, தோலில் நடப்பதைச் சொல்லத்தான் பிறந்தது. நாயைக் கண்ட பூனை முதுகு மயிரைத் தூக்கிக்கொண்டு இரண்டு மடங்காகத் தெரிகிறதே, அதேதான். மயிர்க்காலில் இருக்கும் சின்னஞ்சிறு தசை சுருங்கி மயிரை நிமிர்த்துகிறது. மயிர் போய்விட்ட நமக்கு அந்தத் தசை மட்டும் மிச்சம். கொட்டகையில் கை முழுக்கப் புள்ளி புள்ளியாக எழும்பியது அதன் வேலை.

இதே வேரிலிருந்து கிழக்கே வந்த கிளையொன்று வடமொழியில் இருக்கிறது. அதுதான் ‘ஹர்ஷம்’. ஆமாம், மகிழ்ச்சி என்று பொருள்படும் அதே ஹர்ஷம். அங்கேயும் முதற்பொருள் மயிர் சிலிர்த்தல். குருட்சேத்திரத்தில் உறவினரைக் கண்டு நடுங்கும் அர்ச்சுனன் தனக்கு ‘ரோமஹர்ஷம்’ உண்டாவதாகச் சொல்கிறான். அது களிப்பினால் வந்த சிலிர்ப்பில்லை. மேற்கே போன சொல் அச்சத்தின் பக்கம் சாய்ந்தது, இங்கே தங்கிய சொல் களிப்பின் பக்கம் சாய்ந்தது. நாற்பது ஆண்டுக்கு முன் பார்த்து அலறிய படங்களை இன்றைக்கு நினைத்தால் எனக்கு ஏன் சிரிப்பும் சுகமுமாக வருகிறது என்பதற்கு மொழிநூல் தரும் காரணம் இது. நானாகக் கண்டுபிடித்திருக்க முடியாது.

படவகையின் பெயராக ஹாரர் நிலைத்தது 1930களில்தான். 1931 பிப்ரவரியில் ‘டிராகுலா’, அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று யுனிவர்சல் நிறுவனம் அடுத்தடுத்து விட்ட இரண்டு படங்களும் ஓடு ஓடென்று ஓடின. அந்தப் பத்தாண்டிலேயே பிரிட்டனின் தணிக்கைக்காரர்கள் இத்தகைய படங்களுக்கென்று ‘எச்’ என்று தனிச் சான்றிதழ் வைத்தார்கள். எச் என்றால் ஹாரிஃபிக், அதாவது சிலிர்க்க வைப்பது.

அப்படியானால் நேர் மொழிபெயர்ப்பு ‘சிலிர்ப்புப் படம்’ அல்லது ‘மயிர்க்கூச்சுப் படம்’ என்றாக வேண்டும். வேரளவில் இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் தமிழில் சிலிர்ப்பும் ஹர்ஷத்தோடு சேர்ந்து கட்சி மாறிவிட்டது. மெய்சிலிர்த்தது என்றால் இன்று தேர் பார்த்திருக்கிறார்கள், புல்லரித்தது என்றால் யாரோ மேடையில் பேசியிருக்கிறார்கள். முள்ளம்பன்றி மட்டும் இன்னும் பழைய பொருளில் சிலிர்த்துக்கொண்டிருக்கிறது.

‘திகில்’ என்ற சொல்லுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் உறவு உண்டு. கன்னடத்தில் ‘திகிலு’ என்றால் நம் பொருளேதான், அச்சம். தெலுங்கின் ‘திகுலு’ இன்று கவலை, மனக்கலக்கம் என்ற அளவில் தணிந்து நிற்கிறது. தமிழ்க் காது இதைத் ‘திக்கென்றது’, ‘திக்திக்’ என்பவற்றோடு சேர்த்தே கேட்கிறது. அதனால் இதயம் ஒரு துடிப்பு தவறிய ஓசை அந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டது. எண்பதுகளில் சிவகாசியிலிருந்து ‘திகில்’ என்ற பெயரிலேயே ஒரு காமிக்ஸ் இதழ் வந்தது. கடையில் தொங்கும்போதே அட்டையைப் பார்த்துப் பயந்துகொள்வோம்.

திகிலில் எனக்குள்ள மறுப்பு ஒன்றுதான். அது கதவு திறப்பதற்கு முந்திய நொடிக்கு உரிய சொல். ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியர் ‘டெரர்’ வேறு, ‘ஹாரர்’ வேறு என்று பிரித்தார். அவர் இறந்த பின் 1826இல் வெளியான கட்டுரை அது. முன்னது உள்ளத்தை விரித்து விழிக்கச் செய்யும், பின்னது சுருக்கி உறைய வைக்கும் என்பது அவர் கட்சி. படிக்கட்டில் காலடி கேட்கிறது, இன்னும் யாரும் வரவில்லை. அது திகில். வந்து நின்றுவிட்ட பிறகு உள்ளதற்கு வேறு சொல் வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பழைய படங்களை வைத்தே காட்டலாம். 1966இல் வந்த ‘யார் நீ?’ இரண்டு ஆண்டுக்கு முந்திய ஓர் இந்திப் படத்தின் தமிழாக்கம். வெள்ளைச் சேலை, பனிமூட்டம், தொலைவில் கேட்கும் பாட்டு எல்லாம் உண்டு. பாட்டு தொடங்கியதும் அப்பத்தாவே எங்கள் கையைப் பிடித்துக்கொள்வாள். கடைசியில் பார்த்தால் அதெல்லாம் மனிதர் செய்த சதி. படம் முடிந்து வரும்போது அவள் கோபமாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. “பேயின்னு கூட்டியாந்து ஏமாத்திப்புட்டான்.” அவள் அகராதியில் அது பேய்ப்படம் ஆகாது. திகில் உண்டு, மர்மம் உண்டு, பேய் இல்லை.

‘மர்மம்’ என்பதும் பொருள் மாறி வந்ததே. வடமொழியில் அது உயிர்நிலை, அடிபட்டால் ஆள் விழும் இடம். வர்மக்கலையில் இருப்பது அந்த மர்மம்தான். மறைவான இடம் என்பதிலிருந்து மறைபொருள் என்று நகர்ந்து, துப்பறியும் கதைக்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. ‘அமானுஷ்யம்’ என்றால் மனிதத்தன்மைக்கு அப்பாற்பட்டது. தொலைக்காட்சித் தொடருக்குச் சரி, வாயில் நுழையக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். ‘ஆவி’ நல்ல பழைய சொல், மூச்சு, உயிர், வெப்பத்தில் எழும் புகை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் ஆவிப்படம் என்றால் எனக்கு இட்லிக் கொப்பரைதான் கண்முன் வருகிறது.

‘வெரு’வை விட்டுவிட மனமில்லை. திருக்குறளின் 57ஆம் அதிகாரத்துக்குப் பெயர் வெருவந்த செய்யாமை. குடிகள் அஞ்சி நடுங்கும்படியானவற்றை அரசன் செய்யலாகாது என்பது. நம் பக்கம் இச்சொல் ஏட்டோடு நின்றுவிட்டது. இலங்கைத் தமிழரிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது, பிள்ளையைப் பயங்காட்டினால் ‘வெருட்டாதே’ என்பார்கள். வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையும் அங்கே வெருளி. உணர்ச்சியின் பெயராக, ஹாரருக்கு என் தேர்வு ‘வெருவு’ என்பதே. ஆனால் வெருவுப் படம் என்று சுவரொட்டி ஒட்டினால் டிக்கெட் கிழிக்கிறவரும் உள்ளே வரமாட்டார்.

இனி, அக்கா மகன் கொச்சை என்ற சொல்லுக்கு வருகிறேன். தொல்காப்பியம், சொல்லதிகாரம், உரியியலில் ஒரு நூற்பா:

“பேம்நாம் உரும்என வரூஉம் கிளவி
ஆமுறை மூன்றும் அச்சப் பொருள.”

பேம், நாம், உரும் என்ற மூன்று சொல்லுக்கும் பொருள் அச்சம். ‘நாம்’ எங்கே போனது என்று கேட்டால், சிலப்பதிகாரத் தொடக்கத்தில் ‘நாமநீர் வேலி’ என்று கடலைச் சொல்கிறாரே, அஞ்சத்தக்க நீர், அங்கே இருக்கிறது. ‘உரும்’ இடியாகி நின்றது. ‘பேம்’ என்பதை ‘பே’ என்றும் வழங்கினார்கள். ‘பேய்’ என்ற சொல்லும் இந்தப் ‘பே’ என்பதும் ஒரே குடும்பம் என்றுதான் திராவிடச் சொற்பிறப்பு ஆய்வும் வைக்கிறது. அதாவது, நீண்ட கூந்தலும் வெள்ளைச் சேலையுமாக ஓர் உருவம் கிடைப்பதற்கு முன்பே பேய்க்கு அச்சம் என்ற பொருள் கிடைத்துவிட்டது. பேய்மழை, பேய்க்காற்று என்கிறோமே, அந்த மழைக்குள் யாரும் ஆவியைத் தேடுவதில்லை. அஞ்ச வைக்கும் மழை, அவ்வளவுதான். அந்த முறையில் பேய்ப்படம் என்றால் அஞ்ச வைக்கும் படம். ஹாரர் பிலிம் என்று சொல்கிறவர் சொல்வதும் அதைத்தானே.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இன்னொரு உதவியும் செய்திருக்கிறார். அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: “அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.” அணங்கு என்பதற்குள் உரைகாரர் பேயையும் பூதத்தையும் சேர்த்தார்கள். இதை வைத்துக்கொண்டு வாடகைக் கேசட் கடை அலமாரியையே பிரித்துவிடலாம். அணங்கு என்றால் பேய்ப்படம். விலங்கு என்றால் 1975இல் உலகத்தைக் கடலில் கால் வைக்க விடாமல் செய்த சுறாப் படமும், 1979இன் நம்மூர்ப் பாம்புப் படம் ‘நீயா?’வும். கள்வர் என்ற தட்டில், 1984இல் வந்து ஊரையே தூங்கவிடாமல் செய்த மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’. நான்காவது தட்டான இறை, அதாவது அரசன், அந்தக் கடையில் காலியாகவே கிடந்தது.

கேசட் கடை என்றதும், கேசட்டைப் போட்டுப் படம் ஓட்டும் டெக் நினைவுக்கு வருகிறது. பொங்கலுக்கோ யாராவது வீட்டுக் கல்யாணத்துக்கோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம். முதலில் சாமிப் படம், பெரியவர்கள் விழித்திருக்கும்போதே. கடைசிப் படம் எப்போதும் பேய்தான். பாதிப் பேர் பாயில் குறட்டை விட, மீதிப் பேர் ஒரே போர்வைக்குள். எனக்கென்னவோ டெக்கில் பார்த்த பேய் கொட்டகைப் பேய்க்குச் சமம் என்று தோன்றியதில்லை. கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் திறந்த வெளி, அதற்கப்பால் உண்மையான இருட்டு.

கொட்டகையின் அரசர் பி. விட்டலாச்சார்யா. தெலுங்கில் எடுத்துத் தமிழில் பேசவிட்ட படங்கள். தட்டியில் ‘மாயாஜாலப் படம்’ என்றே போட்டிருக்கும். 1978இன் ‘ஜகன்மோகினி’யில் ஜெயமாலினிதான் பேய். மருமகளாக வந்த பேய், விறகு இல்லாமல் தன் காலையே அடுப்பில் நீட்டி எரிக்கும் காட்சியைப் பார்த்தவர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நாங்கள் வீறிட்டோம். அப்பத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். “விறகு விக்கிற விலைக்கு இது தேவலையே!”

பல ஆண்டு கழித்துப் புறநானூறு படிக்கும்போது அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது. 26ஆம் பாட்டில் மாங்குடி கிழார் ஒரு களத்துச் சமையலைக் காட்டுகிறார். முடியணிந்த தலைகள் அடுப்பு. குருதி உலைநீர். வளையணிந்த தோள் துடுப்பு. கலிங்கத்துப் பரணிக்கு வந்தால் செயங்கொண்டார் பேய்களுக்குக் கூழ் அடுவதற்கென்று ஒரு பகுதியையே ஒதுக்கிவிட்டார். அதிலும் பயங்கரம் பாதி, நகைப்பு பாதி. இன்றைக்கு ‘ஹாரர் காமெடி’ என்று புதுவகை போல விற்கிறார்களே, அது நம் பரணியில் பழைய சரக்கு. பேய் அஞ்சவும் வைக்கும், அடுப்பும் மூட்டும். அப்பத்தா சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறாள்.

பேய் என்ற சொல் கீழானதும் இல்லை. காரைக்கால் அம்மையார் தம் பதிகத்தில் தம்மையே ‘காரைக்கால் பேய்’ என்று கையெழுத்திட்டார். முதலாழ்வார் மூவரில் ஒருவர் பெயர் பேயாழ்வார். இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

எழுதும்போது ஒன்று கவனிக்கவும் என்று அக்கா மகனுக்குச் சொன்னேன். திகில் படம் என்று இயல்பாக எழுதினால் போதும், இலக்கணப்படி திகிற்படம் என்று யாராவது திருத்த வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடலாம். பேய்ப்படத்தில் மட்டும் ‘ப்’ கட்டாயம் வேண்டும். பேய்ப்படம் பார்த்தது என்றால் நாம் பார்த்தது. ஒற்றை விட்டுவிட்டு ‘பேய் படம் பார்த்தது’ என்று எழுதினால், டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பார்த்தது பேயாகிவிடும்.

அப்பத்தாவாக இருந்தால் அதையும் தப்பென்று சொல்லியிருக்கமாட்டாள். இரண்டாம் ஆட்டத்துக்கு எங்களை வரிசையாக உட்கார வைக்கும்போது, பின்னால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மணலைக் கையால் நிரவி, இடம் விட்டே உட்காரச் சொல்வாள். ஏன் என்று கேட்டால், “அதுகளும் வரும்ல?” என்பாள்.